சேலையில் தங்கிய வாசம்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் உண்டு.

அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது நான் உயிர்வேதியியலில் இறுதியாண்டு. சிரம்பானில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்து, புக்கிட் பெலண்டோக் பக்கமுள்ள செம்பனைத் தோட்டத்து வீட்டுக்கு வந்தேன். ஐந்து நாள் கழித்து அன்றுதான் அக்காவையும் பிள்ளையையும் மருத்துவமனையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மேசையில் மலாயில் அச்சடித்த தாள் ஒன்று கிடந்தது.

"வாங்க டாக்டர்," என்றார் அத்தான் கேலியாக. "ஒங்க அக்கா மவனுக்கு ரத்தத்துல என்னமோ கொறையாம். படிச்சி சொல்லுங்க லா."

படித்தேன். ஜி சிக்ஸ் பிடி என்ற நொதி பிள்ளைக்குக் குறைவு. நான் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பாடம். உடம்பின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நொதி இருக்கிறது, அது இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது, அல்லது நடந்து முடிய ஆயுள் போதாது என்று விளக்கினேன்.

அப்பா, செம்பனைப் பழத்தை வேகவைத்து எண்ணெய் எடுக்கும் ஆலையில் ஆவிக்கலத்தில் வேலை செய்பவர். அவருக்காக, "அடிபட்ட பழம் ஒரு நாள் கெடந்தா எண்ணெ புளிச்சிப் போவுதுல்ல, அதுவும் ஒரு என்சைம் செய்யிற வேலதான்பா. அதக் கொல்லத்தான் நீங்க ஆவி வுடுறீங்க," என்றேன்.

அப்பா கேட்டார், "நான் நாள் பூரா கொல்றது, இவனுக்கு இல்லாமப் போச்சா?"

"அது வேற, இது வேறப்பா. ஒவ்வொன்னுக்கும் ஒரு வேல."

சிவப்பணு பிறக்கும்போது கொண்டுவந்த நொதியோடுதான் கடைசிவரை வாழ வேண்டும். புதிதாகச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. தன்னைக் காக்கும் இந்த நொதி குறைந்த சிவப்பணு, சில பொருள்கள் பட்டால் உடைந்துவிடும். தாளில் அந்தப் பொருள்களின் பட்டியல் இருந்தது: சில மருந்துகள், ஒரு வகை அவரை, துணியில் பூச்சி வராமல் போடும் பாச்சை உருண்டை.

"பாச்ச உருண்ட வூட்டுல இருக்காம்மா?"

"துணிப் பெட்டியில கெடக்கு. ஏன்?"

சொன்னேன். அம்மா மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய், பெட்டிக்குள் கைவிட்டு உருண்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, கட்டி வெளியே வீசிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். "போதுமா?"

போதும் என்றேன்.

மறுநாள் காலையில் ஸ்பிரிங் கொக்கியில் தொட்டில் கட்டினார்கள். எங்கள் வீட்டில் பிள்ளையை முதலில் தாயின் தாயுடைய கூறைச்சேலையில்தான் போடுவது. சேலை அந்தப் பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. கூறையைத் தண்ணீரில் போடக்கூடாது என்பதால் அம்மா அதை உதறிக் கொடியில் சற்று நேரம் காற்றாடவிட்டு, சாம்பிராணிப் புகை காட்டினார். நான்தான் முதலில் ஆட்டினேன். புகைக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. எனக்கு அது தெரிந்தது. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் பெட்டி திறந்தால் வரும் வாசம் அது. எங்களுக்கு நல்ல நாளின் வாசம். அன்று சாயங்காலம் படிப்புக்குத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். "மூத்திரம் பால் ஊத்தாத தே ஓ மாதிரி கறுப்பா போவுதுடி. கண்ணு மஞ்சளா இருக்கு. அம்மா நேத்திலேருந்து வெயில்ல காட்டுறாங்க."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ," என்றேன். நானும் கிளம்பினேன்.

வார்டில் பிள்ளையின் தலையை முகர்ந்தேன். சாம்பிராணி போய்விட்டிருந்தது. அடியிலிருந்த வாசம் மட்டும் இருந்தது.

பாச்சை உருண்டை மெல்ல ஆவியாகிற பொருள். அந்த ஆவி சேலை முழுக்க ஏறியிருந்தது. உடைந்த சிவப்பணுக்களிலிருந்து மஞ்சள் நிறப்பொருள் உண்டாகும்; அதை வெளியேற்ற ஈரலில் வேறொரு நொதி வேண்டும்; பிறந்த பிள்ளைக்கு அது இன்னும் முதிர்ந்திருக்காது. தேங்கிய மஞ்சள் மூளைக்குப் போகும். இதையும் நான் தேர்வில் எழுதியிருக்கிறேன், அம்புக்குறி போட்டு.

டாக்டரிடம் சேலையைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துணியை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார் டாக்டர்.

"என்னா சொல்றாரு?"

"தொட்டிலுக்குப் புதுத் துணி போடச் சொல்றாரும்மா."

"நீ சொன்ன மாதிரி எல்லாத்தையும் வீசிட்டேன்ல. அத சொன்னியா?"

"சொன்னேன்."

பிள்ளையின் இரத்தத்தை மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். மஞ்சள் காது கேட்கும் நரம்பை எட்டியிருந்தது என்பது பிறகு செய்த சோதனையில் தெரிந்தது.

இப்போது அவன் நடக்கிறான். பின்னாலிருந்து அத்தான் தட்டைத் தட்டினால் திரும்புவதில்லை. தரை அதிர்ந்தால் திரும்புவான். பிறவிக் குறை என்றுதான் அம்மா எல்லாரிடமும் சொல்கிறார்.

போன விடுமுறையில் அம்மா பெட்டியைத் திறந்து கூறையை மடிப்பு மாற்றி வைத்தார். "ஒனக்கு ஒன்னு பொறக்கட்டும், இதுலதான் போடணும்," என்றார்.

தாய் வழியாகத்தான் மகனுக்கு வரும் இந்தக் குறை, அக்காவிடம் இருப்பதுபோல் அம்மா வழியாக என்னிடமும் மறைந்திருக்கலாம். எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்குகிறவள் நான். அன்றும் இதை மட்டும் விளக்காமல் சேலையின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தேன்.