எங்கேஜ்டாக இருந்த தொலைபேசி

டாக்குரியா பகுதியில், கணவனிடம் அடிவாங்கும் பெண்களுக்கு உதவும் சிறிய தொண்டு நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்தேன். எங்களுக்குக் கட்டுப்படியானது ஒரே தொலைபேசி இணைப்புதான். இணையமும் அதே இணைப்பின் வழியாகத்தான் என்பதால், ஈமெயில் அனுப்பும்போது யாரும் எங்களைக் கூப்பிட முடியாது.

அன்று நன்கொடையாளர்களுக்கு ஆண்டறிக்கையைப் படங்களோடு அனுப்பினேன். சனியன் பிடித்த இணைப்பு, பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. விடாமல் முதலிலிருந்து அனுப்பினேன். காலைப்பொழுது முழுக்க அதிலேயே போயிற்று.

மாலையில் ஒரு பெண் குழந்தையோடு வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது.

"ஒரு போன் பண்ணியிருந்தா நாங்களே வந்திருப்போமே!" என்றேன்.

"காலையில பூத்துல ரொம்ப நேரம் நின்னேன், தீதி. எங்கேஜ்டாவே இருந்துச்சு. என்னைவிடக் கஷ்டத்துல யாரோ பேசறாங்கன்னு நினைச்சு, வீட்டுக்கே திரும்பிட்டேன்."

உதட்டில் ரத்தம் இன்னும் காயவில்லை.

அவள் பூத்தில் நின்ற நேரமெல்லாம், அந்த இணைப்பில் நாங்கள் எங்கள் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.