சலோமி நின்ற வசனம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது நம் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "ஆன்ட்டி, சலோமி அம்மா தவறிட்டாங்க. இட்லி ஊத்தி வெச்சிட்டு உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம்." அடுப்பை அணைத்துவிட்டு நான் முதலில் கேட்டது, "இட்லியை யாராவது இறக்கினாங்களா?" என்பதுதான். அந்த நேரத்தில் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. தொடங்கியதை முடிக்காமல் எழுந்து போகிறவள் அல்ல அவள். அதனால் இருக்கலாம்.

ராயபுரத்தில் நம் கோயிலுக்கு வரும் எல்லோருக்கும் அவளைத் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் தெருமுனையில் முப்பது வருடம் இட்லிக் கடை போட்டவள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். நான் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் படித்தவள்; அதனாலேயே அவளுக்கு நான் டீச்சரம்மா. கயிறு வியாபாரம் செய்த என் கணவர் இருந்த காலத்திலும், அவர் போன பிறகும், வேதாகமத்தை வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் படித்து முடிக்காமல் விட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்கமாட்டேன்.

அந்தப் பெருமையில்தான் ஐக்கியத்தில் வேத வாசிப்பு அட்டையைத் தொடங்கினேன். மத்தேயுவில் தொடங்கி நாளுக்கு ஒரு கட்டம். அன்றைய பகுதியைப் படித்தால் ஒரு கோடு. முதல் வருடக் கடைசியில் சலோமி கொண்டுவந்த அட்டையில் பன்னிரண்டு கோடுகள் மட்டுமே இருந்தன. எல்லோர் முன்னிலும் கேட்டேன்: "இட்லி விக்க நேரம் இருக்கு, இதுக்கு இல்லையா சலோமி?"

"படிச்சிட்டேன் டீச்சரம்மா. பத்து தபா படிச்சிட்டேன். இன்னும் செய்யல. செய்யாம எப்டி கோடு போடறது?"

"கட்டம் படிச்சதுக்குத்தான். செஞ்சதுக்கு இல்லை."

"அப்டின்னா ரொம்ப சுளுவுதான்," என்றாள். பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவள் நின்றுபோயிருந்த இடம் மத்தேயுவில் ஒரு வசனம். காணிக்கையோடு வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொல்லும் இடம். அவளுக்கு எர்ணாவூரில் ஒரு தங்கை. சலோமியின் கணவரை அடக்கம் செய்த அன்று அந்தத் தங்கை வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

நாம் சமைக்கும் போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஒதுக்கி மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவோம் அல்லவா, அதையும் அவள் அந்த வருடம் நிறுத்தியிருந்தாள். "டப்பாவுல கீது டீச்சரம்மா. எட்துகினு வர முடியல," என்பாள். எனக்கு அது வீம்பாகப் பட்டது. அவளைத் தனியாக உட்காரவைத்து வசனத்தை விளக்கினேன். "அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்றுதான் இருக்கு. இங்கே குறைபட்டவள் நீ. உன் புருஷன் சாவுக்கு வராதது அவள். ஆகவே இது உனக்கு இல்லை. தாண்டிப் போ."

விரலை அந்த வரியிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "அவளுக்கும் என் மேல ஒண்ணு கீது. அவ வூட்டுக்காரன் புழல் ஜெயில்ல கெடந்தப்ப, புள்ளைங்கள வெச்சிகினு ஒண்டியா கஷ்டப்பட்டா. நான் எட்டிக்கூட பாக்கல. மானம் பூடும்னு நெனச்சேன்."

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு சலோமி அரிசி மூட்டையோடு வந்தாள். மூட்டையின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு அவளைப் போலவே முகமுள்ள ஒருத்தி. அன்று நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஆராதனை முடிந்ததும் கேட்டேன்: "ஏன் வரலைன்னு கேட்டியா?"

"கேக்கல. கேட்டா மறுபடியும் பேஜாரு. 'வந்துட்டியாடி மகாராணி'ன்னா. சோறு போட்டா, துன்னேன். அவ்ளோதான்."

அன்று பதின்மூன்றாம் கட்டத்தில் கோடு போட்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "உங்களுக்கு மட்டும் அந்த வசனம் எப்டி டீச்சரம்மா வருசா வருசம் தாண்டிப் போவுது?"

அவள் கேட்டதன் பொருள் எனக்குத் தெரியும். என் மகள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறாள். உங்களில் தெரிந்தவர்கள் அதை என்முன் பேசுவதில்லை. கூட்ஸ் யார்டில் வேலை செய்யும் ஒருவனை, என் சொல்லை மீறிக் கட்டிக்கொண்டு போனாள். பதினெட்டு வருடம். குறைபட்டவள் நான், ஆகவே அந்த வசனம் எனக்கல்ல என்றே ஒவ்வொரு வருடமும் படித்துக் கடந்தேன். முதல் குழந்தை பிறந்த அன்று அவள் தொலைபேசியில் அழைத்ததும், "அம்மா" என்ற குரலைக் கேட்டு நான் பேசாமல் வைத்துவிட்டதும் அந்தக் கணக்கில் சேரவேயில்லை.

அதன்பின் ஒரு மாதம் நான் சலோமியோடு பேசவில்லை. அவளோ தினமும் கடை எடுத்துவைத்த பிறகு, ஒன்பது மணிக்கு, தூக்குவாளியில் நான்கு இட்லியோடு என் வாசலுக்கு வந்தாள். "கோவம் உங்களுக்கு, இட்லிக்கு இன்னா? சூடா கீது, துன்னுங்க." பிறகு உட்கார்ந்து, "இன்னிக்கி இன்னா செய்யச் சொல்லிகீது?" என்பாள். அந்த மாதம் கழிந்து கோபம் தணிந்ததும், அன்றன்று நான் படித்ததைச் சொல்வேன். அவள் செய்யப் போவதைச் சொல்வாள். எவரையாவது ஆஸ்பத்திரியில் பார்ப்பது, பக்கத்துக் கடைக்காரியைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்பது. ஏழு வருடம் இப்படிப் போயிற்று. மகளைப் பற்றி மறுபடி ஒருமுறைகூட அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். இப்போது, கேட்கமாட்டாளா என்று இருக்கிறது.

அடக்கம் முடிந்த பின் எர்ணாவூர்த் தங்கை ஒரு அட்டையை என் கையில் கொடுத்தாள். "உங்க அட்டதான டீச்சரம்மா, நீங்களே வெச்சிக்கோங்க." முதல் வருடத்து அதே அட்டை. வருடங்கள் மாறியும் அவள் புதிது வாங்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்து, ஓரம் மடிந்து, பாதிக் கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. நான் நிரப்பி அடுக்கிவைத்திருக்கும் என் அட்டைகளைத் திறந்துபார்க்க இந்த வாரம் மனம் வரவில்லை.

காலையில் ஒன்பது மணி ஆகிறது. வாசலில் தூக்குவாளிச் சத்தம் இல்லை. கேட்க ஆள் இல்லாமல் படிக்கிறேன், படிப்பு நகரவில்லை. மத்தேயுவின் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

சலோமியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த அட்டையும் அவளுடைய கேள்வியும். வருகிற ஞாயிறு கைப்பிடி அரிசி சேர்க்கும் நாள். என் டப்பா நிறைந்திருக்கிறது, கொண்டுவரமாட்டேன். செயலாளர் காரணம் கேட்க வேண்டாம் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். அன்று காலை நான்கு இட்லியோடு கொருக்குப்பேட்டைக்குப் போகிறேன். என் மகள் கதவைத் திறப்பாளா என்று தெரியாது. திறந்தால், அடுத்த மாதம் அரிசி மூட்டையின் மறு நுனியைப் பிடிக்க என்னோடு ஒருத்தி வருவாள்.