விதைச் சாமைப் பை

கடல் என்றதும் ஆகா ஓகோ என்று வாயைப் பிளப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கப்பலின் அடித்தட்டில் நாலு நாள் கிடந்துவிட்டு வந்து பேசட்டும். எனக்குக் கடல் என்றால் வாந்தி நாற்றம், அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி. நான் பத்து வயதுப் பெண். மலைமேல் நெல்லிவாசலில் எங்கள் கொல்லை இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்தது. அந்தமானுக்கும் தள்ளி ஒரு தீவில் தோட்ட வேலை இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலமும் தருவார்கள் என்று யாரோ சொல்ல, அப்பா கிளம்பிவிட்டார். அம்மா லேசில் மசியவில்லை. போளூர்ச் சந்தையைத் தாண்டிப் போகாதவள் அவள். கடைசியில் ஒரே பேச்சாகச் சொன்னாள்.

"வெதச் சாமைய எடுத்துக்கினுதான் வருவேன். அங்க வெதச்சாத்தான் அது எனக்கு வூடு. இல்லாங்காட்டி அடுத்த கப்பல்ல திரும்பிடுவேன், ஆமா."

சாம்பலும் காய்ந்த நொச்சி இலையும் கலந்து, கெட்டித் துணிப்பையில் நாலு படிச் சாமை. அதை மடியில் வைத்துக்கொண்டே போளூரில் ரயில் ஏறினாள், மெட்ராஸில் கப்பலும் ஏறினாள்.

கப்பலா அது? சீ! ஒன்றின்மேல் ஒன்றாக இரும்புப் படுக்கைகள். கப்பல் சாய்ந்தால் தரையில் கிடக்கும் வாந்தி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். நிமிர்ந்தால் திரும்பி வரும். யாருடைய ரப்பர்ச் செருப்போ ஒன்று அதோடு போய்ப் போய் வந்தது. கக்கூஸ் பக்கம் தலைகாட்ட முடியாது. பருப்பு என்று ஒரு மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். கருமம், அது உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒரே மாதிரி இருந்தது.

முதல் நாள் காலையிலேயே படுக்கையில் வாந்தி எடுத்துவிட்டேன். அப்பா தன் துண்டால் துடைத்துவிட்டுக் கத்தினார்.

"இன்னொரு தபா எவனாவது எடுத்தீங்க, தூக்கிக் கடல்ல கடாசிடுவேன்!"

செய்வார் என்றே நம்பினேன். மதியம் சோற்று வரிசையில் நிற்கப் போகும்போது, குமட்டலுக்கு நல்லது என்று அம்மா என் வாயில் ஒரு துண்டு உப்பு நாரத்தங்காயைத் திணித்துவிட்டுப் போனாள். நாலு வயசுத் தம்பி அதைக் கண்டாலே ஓடுவான். அவனுக்குத் தரவில்லை, இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். அப்பாவும் கூடவே போனார். நான் நாரத்தங்காயை மென்று முழுங்கிய மறுநிமிஷம் குடலைப் புரட்டியது. கைக்கு எட்டியது அந்தச் சாமைப் பைதான். அதன் வாயைப் பிரித்து உள்ளேயே வாந்தி எடுத்தேன். பழையபடி இறுக்கிக் கட்டித் தலைமாட்டில் வைத்தேன். இதை எழுதும்போதுகூட என் கையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கப்பலே நாறிக்கொண்டிருந்ததில், பை நாறியது யாருக்கும் தெரியவில்லை.

நாலாம் நாள், சரக்கு இறக்க வழியில் ஒரு சின்னத் தீவில் கப்பல் நின்றது. பொழுது சாயும்வரை நிற்கும் என்று எங்களைப் படகில் கரைக்கு விட்டார்கள். கரை முழுக்க அழுகிய தேங்காய், மொய்க்கும் ஈ, அதைக் கிளறும் பன்றிகள். அம்மாவுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. நாலு நாள் கழித்து வெயில்! விதையைக் காயப்போடலாம் என்று பழைய சேலை ஒன்றை மணலில் விரித்து, பையை அவிழ்த்துக் கவிழ்த்தாள்.

சாமை சரியவில்லை. கட்டியாகத் தொப்பென்று விழுந்தது. புளித்த நாற்றம். வெள்ளையாக முளை விட்டு, அந்த முளையும் அழுகிக் கறுத்திருந்தது. பன்றிகளை விட்டுவிட்டு ஈக்கள் இங்கே வந்தன.

"யார்ரா இது?" என்றார் அப்பா. நான் கடலைப் பார்த்தேன். "இவனாத்தான் இருக்கும்" என்று தம்பி முதுகில் ஒன்று வைத்தார். "நான் இல்லப்பா" என்றான் அவன். பொய் வேறா என்று இன்னொன்று விழுந்தது. மணலில் குப்புற விழுந்து அழுதான். நான் கடலைப் பார்த்தபடியே நின்றேன்.

"இன்னா பாத்துக்கினு கீற? தூக்கிப் போடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா தென்னை நிழலுக்குப் போய்விட்டார்.

அம்மா போடவில்லை. விதை உயிரோடு இருக்கிறதா என்று எங்கள் மலையில் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். நறுக்கென்று உடைந்தால் நல்ல விதை. அவள் கட்டியை உடைத்து, உள்ளிருந்து ஒரு மணியை எடுத்து, ஐயோ, என் வாந்தியில் ஊறிய மணியைப் பல்லில் வைத்துக் கடித்தாள். சத்தம் வரவில்லை. இன்னொன்றைக் கடித்தாள். மறுபடி இன்னொன்று. அப்போது அவள் விரலில் நாரத்தங்காய்த் தோல் ஒன்று சிக்கியது. அதைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ம்மா... தெரியாம..." என்றேன்.

"வாந்தி வந்தா இன்னா பண்ணுவ, அதுக்கு நான் அருவருப்பு படல" என்றாள். "உன் தம்பி அடி வாங்கறான், நீ பாத்துக்கினு நிக்கற. அதாண்டி எனக்குக் கொமட்டுது."

அப்பாவிடம் சொல்லவில்லை. சேலையோடு வாரிப் போய்ப் பன்றிகளிடம் உதறினாள்.

சொன்ன சொல் தவறவில்லை. தோட்டத் தீவுக்குப் போய்ச் சேர்ந்ததும், அடுத்த கப்பலிலேயே தம்பியை மட்டும் இடுப்பில் தூக்கிக்கொண்டு மலைக்குத் திரும்பிவிட்டாள். அப்பாவுக்குச் சோறாக்க ஒரு ஆள் வேண்டும், அதனால்தான் பெண்ணை விட்டுவிட்டுப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். எனக்குக் காரணம் தெரியும்.