தள்ளி நின்று எடுத்த படம்

கணவன் இறந்தபின் விருதுநகரிலிருந்து தனியாகத் திருப்பூருக்கு வந்தவள் நாகஜோதி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் படம் எடுப்பாள். ஒருநாள் பூச்சந்தையில் எடுத்த படத்தை ஸ்டுடியோக்காரர் பூபாலனிடம் நீட்டி, "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் நிதானமாகப் பார்த்தார். "வெளிச்சம் நல்லா வந்திருக்குங்க. ஆனா ரொம்பத் தள்ளி நின்னுட்டீங்க. ஒருத்தர் முகமும் தெரியலீங்களே. பேசிட்டு, பக்கத்துல போய் எடுங்க."

அடுத்த ஞாயிறு, கனகாம்பரம் விற்ற அம்மாளிடம் கூச்சத்தோடு கேட்டாள். அந்த அம்மாள் கொண்டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"எடுத்துக்க கண்ணு. ஊட்டுல ஆருக்குக் காட்டப்போறே?"

நாகஜோதி சட்டென்று போனை உயர்த்திப் படம் எடுத்தாள். அவசரத்தில் அது கொஞ்சம் கலங்கிவிட்டது. ஆனாலும் அதில் அந்த அம்மாள் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார். அதையே பிரிண்ட் போட்டு, அறைச் சுவரில் ஒட்டிவைத்தாள்.