காலரில் இருந்த அழுக்கு

தெருவில் அவளுக்குச் சோப்பக்கா என்று பெயர். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. பகலெல்லாம் படுக்கை விரிப்புகளை வெளுத்துவிட்டு வருபவள், வீட்டில் கதவுக் கைப்பிடியைக்கூட விட்டுவைக்க மாட்டாள். "கொஞ்சம் அசந்தா என்னையும் ஊறப் போட்டுடுவா" என்பார் பஸ் ஓட்டும் புருஷன். அந்தக் கிண்டலெல்லாம் மகன் இருந்த காலத்தோடு சரி.

மகன் போய் இரண்டு வருஷம். பதினேழு வயதுப் பிள்ளையைக் காய்ச்சல் ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு அந்த வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். இளையவளான மகள் சின்னவள்தான், அகழாய்வு நடக்கும் இடத்துக்குக் குடும்பமாகப் போய் உதவலாமாம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து, நச்சரித்து, இருவரையும் லீவு போட வைத்தாள்.

மண்ணைக் கிளறக் கிளறப் பேச்சும் கொஞ்சம் வந்தது. கடைசி நாளில் சோப்பக்காவின் குழியில் ஒரு சின்னப் பானை முழுசாகக் கிடைத்தது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டியதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மேற்பார்வை அம்மா கேமராவோடு வருவதற்குள், பானையைக் குழாயடிக்குத் தூக்கிப் போய், உள்ளும் புறமும் தேய்தேய் என்று தேய்த்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. கத்தவில்லை.

"உள்ள ஒட்டியிருந்ததை வச்சுத்தான் என்ன சமைச்சாங்க, எப்படி வாழ்ந்தாங்கன்னு பார்ப்போம். இப்ப இது வெறும் பானைம்மா."

ஊர் திரும்பும் பஸ்ஸில் சின்னவள் தூங்கியதும் சோப்பக்கா உடைந்து போனாள். பானைக்காக அழவில்லை.

"அவன் போன மறுநாளே எல்லாத்தையும் துவைச்சுட்டேங்க. தலகாணி உறை, போர்வை, சட்டை எல்லாம். கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. எம்புள்ள வாசம் ஒரு துணியில கூட இல்ல. நானே அழிச்சுட்டேன்."

புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணு இருக்கு. காய்ச்சல் வர்றதுக்கு முந்தி கழட்டிப் போட்டானே, அந்த நீலச் சட்டை."

அழுக்குக்கூடையிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, டிப்போவில் தன் லாக்கரில் வைத்திருந்தாராம். வண்டி எடுக்கும் முன் ஒருமுறை பிரித்து முகர்ந்துவிட்டுக் கட்டிவிடுவாராம். விட்டுவிட்டு வர மனசில்லாமல் தன் பெட்டியின் அடியில் வைத்து எடுத்து வந்திருக்கிறார். பெட்டி பஸ்ஸின் அடியில் இருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா துவைச்சுடுவியே."

மீதி வழி முழுக்க மகனின் கழுத்து வியர்வையையே நினைத்துக்கொண்டு வந்தாள். கல்லாக இருக்கிறார் என்று இத்தனை நாளும் மனசுக்குள் திட்டிய மனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் பெட்டியைத் திறக்கப் போனார். அவள்தான் தடுத்தாள்.

"இருங்க, இந்த மண்ணோட அதைத் தொட வேண்டாம். குளிச்சுட்டு வந்துடறேன்."

அவர் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனார். சோப்பக்கா குளித்துவிட்டு வரும்போது வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பெட்டிகள் எல்லாம் காலியாக, வாய் திறந்து கிடந்தன.

"நீ ரெஸ்ட் எடும்மா, எல்லாத்தையும் நானே போட்டுட்டேன்" என்றாள் சின்னவள், முகமெல்லாம் சிரிப்பாக. "அப்பா சட்டை ஒண்ணைக் கவருக்குள்ள கட்டி வச்சிருந்தாரு, ஒரே நாத்தம். காலர்ல அப்படி ஒரு அழுக்கு! நீ சொல்லிக் குடுத்த மாதிரியே ப்ரஷ் போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் உள்ள போட்டேன்."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நீலச் சட்டை நுரையில் சுழன்றது. ரொட்டியோடு உள்ளே வந்தவர் பெட்டியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னாச்சு? தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்லடா கண்ணு, நல்லாத்தான் பண்ணியிருக்க" என்றார் அவர். "பால் வாங்க மறந்துட்டேன். ஓடிப்போய் வாங்கிட்டு வா."

அவள் போன பிறகு மெஷின் நின்றது. சோப்பக்கா ஈரச் சட்டையை எடுத்துக் காலரில் முகத்தைப் புதைத்தாள். தன் கையில் எந்நேரமும் வீசும் அதே சோப்பு வாசம்.

"ஏதாவது வருதா?" என்று கேட்டார் அவர்.

இல்லை என்று தலையசைத்தாள். அவர் கை நீட்டிச் சட்டையை வாங்கி, தானும் ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.