பெண் பார்க்க வந்தவர்களுக்கு அண்ணி வைத்த பிரவுனி

என்னை முதன்முதலாகப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா தன் தட்டிலிருந்த கேசரியில் ஒரு கரண்டி எடுத்து என் வாயருகே நீட்டினார். நெய் மினுமினுத்தது. மேலே ஒரு முந்திரி ஒட்டிக்கொண்டிருந்தது. "எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணு, இனிப்போட ஆரம்பிக்கட்டும்" என்றார். அவர் முகத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. எதிரில் நின்ற அம்மா, வாங்கிக்கொள் என்று கண்ணாலேயே சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். ரவை என்பது கோதுமைதான். கோதுமை எனக்கு ஆகாது என்பது அந்தக் கூடத்தில் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி இவர்களுக்கு மட்டுமே தெரியும். அப்பாவும் அண்ணனும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணி மட்டும் அந்தக் கரண்டியையே பார்த்தாள். தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. அன்று அவள் தட்டிவிடவில்லை.

அதன் பலனை ஒரு வாரம் அனுபவித்தேன். வயிறு கழிந்து, வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சி கூட இறங்காமல் கிடந்தேன். எனக்கு இது புதிதல்ல. பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் நோஞ்சான். எங்கள் ஊர் நைனார்பாளையத்தில் எனக்குக் கழிக்காத திருஷ்டி இல்லை, கொடுக்காத பூச்சி மாத்திரை இல்லை. கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது தினமும் இரவில் சப்பாத்தி போட்டார்கள். ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தேன். அதன் பிறகுதான் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது, அது இவளுடைய குடலை அரிக்கிறது, இனி ஆயுசுக்கும் கோதுமை கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க சோறு துன்ற ஜனங்க சார், கோதுமைக்கு எங்க போறோம்" என்றார். ரவை, சேமியா, பரோட்டா, பிஸ்கட் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அதையெல்லாம் நிறுத்தியும் எனக்கு முழுதாகக் குணமாகவில்லை. அடுப்படியில் இருந்த பெருங்காய டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்ததைக் கண்டுபிடித்தவள் அண்ணி.

அம்மாவைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்குப் பயம். "கல்யாணம் ஆவட்டும், அப்பறம் மெதுவா சொல்லிக்கலாம். ஒரு புள்ள பொறந்துட்டா யாரு கேக்கப் போறா" என்பாள். கேசரி ஊட்டிய எலவனாசூர்கோட்டைக்காரர்கள் பத்து நாள் கழித்து, பெண் ரொம்ப ஒல்லியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதை மறைக்க அந்தக் கேசரியை விழுங்கினேனோ, அதுவே என் உடம்பில் எழுதி ஒட்டியிருந்தது.

அண்ணி கள்ளக்குறிச்சி டவுன் பெண். கல்யாணத்துக்கு முன்பே கேக் போடக் கற்றுக்கொண்டவள். சீர்வரிசையோடு ஓர் ஓவனும் கொண்டுவந்தாள். எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் அவள் கையால்தான். நான் படுத்துக் கிடந்த அந்த வாரத்தில் அவள் ஓவனை வெளியே இழுத்துப் போட்டுத் தேய்த்தாள். மைதா டப்பாவையும் பழைய தட்டுகளையும் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பினாள். மைதா தூசி பறந்து ஒட்டினால் கூட எனக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கேக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம், "போடறேன், ஆனா இந்த வூட்ல இனிமே மைதா கேக்கு கெடையாது" என்றாள். அந்தப் பெண்ணும் அவளுக்குப் பின்னால் வந்த இரண்டொருவரும் டவுன் பேக்கரிக்குப் போய்விட்டார்கள். அண்ணி யாரையும் திரும்பக் கூப்பிடவில்லை.

எனக்காகப் பிரவுனி என்ற சாக்லேட் கேக்கைத் தேங்காய் மாவில் செய்வது என்று தீர்மானித்தாள். தேங்காய்ப்பால் பிழிந்த சக்கையை மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காயவைத்து, மிக்ஸியில் அடித்துச் சலித்தாள். முதல் தடவை, மைதா போடுகிற அளவுக்கே அதையும் போட்டுவிட்டாள். தேங்காய் மாவு ஈரத்தை உறிஞ்சுகிற வேகம் அவளுக்குத் தெரியவில்லை. வெந்து வந்தது கறுப்பு உமி. வாயில் போட்டால் இருமல் வந்தது. அடுத்த தடவை மாவைக் கால் பங்காகக் குறைத்து முட்டையைக் கூட்டினாள். ஓரம் நின்றது, நடு அமுங்கிப் போனது. எங்கள் பக்கத்தில் மரவள்ளிக்குப் பஞ்சமில்லை. அதன் மாவில் ஒரு கரண்டி சேர்த்தபோது துண்டு பிடித்து நின்றது. கலந்த மாவைக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும், சூடாக இருக்கும்போது கத்தி வைக்கக் கூடாது என்பதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. நாட்டுச் சர்க்கரையும் கோகோவும் வெண்ணெயும் சேர்ந்து வீடு முழுக்க மணந்த ஒரு பிற்பகலில், மேலே மெல்லிய ஓடு வெடித்து உள்ளே ஈரம் மாறாமல் ஒரு துண்டு என் கைக்கு வந்தது. சாப்பிட்டேன். பயமில்லாமல் தின்ற முதல் கேக் அதுதான்.

"சோறு இருக்குது, கம்பு இருக்குது, கேவுரு இருக்குது. இதுல இன்னா கொற வந்துச்சி இவளுக்கு?" என்று அம்மா முணுமுணுத்தாள்.

"கொற இல்லிங்க அத்த. எல்லாரும் கேக்கு வெட்டறப்ப இவ கைய கட்டிக்கினு ஓரமா நிக்கறா. எனக்குப் பாக்க முடியல" என்றாள் அண்ணி.

இதை நான் இன்றைக்கும் பலரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரில் அரிசி விளைகிறதே, மலையில் சாமை விளைகிறதே, அப்புறம் பிரவுனி என்ன கேடு என்று கேட்கிறார்கள். உயிர் வாழச் சோறு போதும்தான். உயிரோடு இருந்தால் போதும், ஆசைப்படாதே என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எல்லோருக்கும் எவ்வளவு எளிதாக வருகிறது.

இரண்டாவதாகச் சின்னசேலத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அன்று காலையில் அண்ணி, "கேசரி வேணாங்க அத்த, நான் செஞ்சி வெச்சிருக்கறேன்" என்றாள். அம்மா காதில் வாங்காமல் ரவையை வறுத்தாள். வந்தவர்கள் உட்கார்ந்ததும் அம்மா கேசரித் தட்டோடு வந்தாள். பின்னாலேயே அண்ணி பிரவுனித் தட்டோடு வந்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது இன்னா, கருப்பா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"தேங்கா மாவுல செஞ்சதுங்க. பொண்ணு இதத்தான் சாப்பிடுவா. அவளுக்குக் கோதும ஆவாது."

மாப்பிள்ளையின் அப்பா, "வியாதியா?" என்றார்.

"வியாதிதாங்க. கோதுமய நிறுத்திட்டா ஒண்ணும் பண்ணாது. வூட்ல அவளுக்காக ரவ, மைதாவ பாத்துப் பொழங்கணும். முடியும்னா மேல பேசலாம். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, ரெண்டு வூட்டுக்கும் நல்லது."

மாப்பிள்ளை செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அவர் அம்மா மட்டும் விடவில்லை. "இன்னிக்கிக் கோதுமன்றீங்க, நாளைக்கி இன்னா சொல்லுவீங்களோ. புள்ள பொறக்குமா இதுக்கு?"

"அத டாக்டரக் கேளுங்க" என்றாள் அண்ணி, குரலை உயர்த்தாமல். "உங்க புள்ளைக்கும் சேத்துக் கேளுங்க."

காபி ஆறுவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். வாசல் வரை கையெடுத்துக் கும்பிட்டபடி போன அப்பா, திரும்பி வந்து முற்றத்திலேயே நின்றுவிட்டார். அம்மா அண்ணியைப் பார்த்து, "எம் பொண்ணு வாழ்க்கைல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி" என்றாள். அண்ணி காபி டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். அடுக்கியதையே கலைத்துத் திரும்ப அடுக்கினாள். அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. நான் பட்டுப்புடவையோடு போய், மாப்பிள்ளை எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிரவுனியைச் சாப்பிட்டேன். பிறகு இன்னொன்றும் சாப்பிட்டேன். அழுகை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எனக்குப் பசிதான் வந்தது.

அம்மா அண்ணியோடு பல மாதங்கள் பேசவில்லை. ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் என் மூலமாகவே உப்பு, புளி கேட்டுக்கொண்டார்கள். அண்ணன் யார் பக்கமும் வாய் திறக்கவில்லை. ஆனால் அடுத்த சந்தையன்று ஒரு சாக்குத் தேங்காய் கொண்டுவந்து அண்ணி முன்னால் இறக்கினான். அவனிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

எனக்கு வெள்ளிமலையில் ஆசிரியை வேலை கிடைத்தது. இப்போது மலையிலேயே வீடு எடுத்துத் தங்கியிருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. பாவம், கோதுமையால் நின்றுபோனது என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அதன் பிறகு வந்த இருவரை நான்தான் வேண்டாம் என்றேன் என்பதை அவர்கள் நம்புவதில்லை. யார் வந்தாலும் முதல் பேச்சிலேயே நானே சொல்லிவிடுகிறேன். முகம் மாறுகிறதா என்று பார்க்கிறேன். ஒரு காலத்தில் என்னைப் பார்க்க வந்தார்கள். இப்போது நான் அவர்களைப் பார்க்கிறேன். லீவில் வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அண்ணி ஒரு டப்பா நிறைய பிரவுனி கொடுத்தனுப்புவாள். மலைப்பாதை வளைவுகளில் பஸ் குலுங்க, டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டு போவேன். அம்மா பெருங்காயமே இல்லாமல் சாம்பார் வைக்கப் பழகிக்கொண்டாள். மண்ணள்ளிப் போட்டாய் என்று சொன்னதை மட்டும் அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணியும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

போன வருஷம் அண்ணியின் மகளுக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. வீட்டில் கோதுமை இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடத்தில் பிஸ்கட், கடையில் பரோட்டா என்று அது தின்றுகொண்டுதான் இருந்தது. சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று அண்ணி சொன்னதும், அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, வீடு தேடி வந்தார். "பொட்டப் புள்ள. எதுக்குத் தேடிக்கினு போய்ப் பாக்கற? அப்பிடியே இருந்தாலும் வெளிய சொல்லாத. நாளைக்கி நாலு எடத்துலேர்ந்து கேட்டு வரணும். ஒருத்தி நெலமயப் பாத்தது போதாதா?" நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அண்ணி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

புதுச்சேரிக்கு நானும் போனேன். மகளுக்கும் அதே நோய்தான் என்று உறுதியானது. திரும்பி வரும் பஸ்ஸில் அது என் தோளில் சாய்ந்துகொண்டு, "அத்த, உனக்கு வந்ததேதான் எனக்குமா?" என்றது. ஆமாம் என்றேன். "ஊசி போடுவாங்களா?" என்றது. போட மாட்டார்கள் என்றதும் அதன் கவலை தீர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது.

அண்ணிக்குக் கண் கலங்கியிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பிறகு செல்போனை எடுத்தாள். அண்ணனுக்குத்தான் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பெரிம்மாங்களா? நான்தாங்க பேசறேன். ஆமாங்க, இருக்குதுன்னு வந்துடுச்சி." பஸ் இரைச்சலில் அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இல்லிங்க, மறைக்கறதுக்கு இன்னா இருக்குது. நீங்களே தெருவுல எல்லார்க்கும் சொல்லிடுங்க. எனக்கு வேல மிச்சம்."

போனை வைத்துவிட்டு, அடுத்து யாருக்குச் சொல்வது என்று பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தாள்.