நாலு டிகிரி சூடு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் கடிகாரம் என்றுதான் சொல்வார்கள். அவர் கையில் கடிகாரம் கட்டிப் பார்த்ததில்லை. சுவரில் தொங்கும் வட்டக் கடிகாரத்தைப் பார்த்து நொடி சொல்வதுதான் அவர் வேலை. பதினோரு வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தார்.

சலவைத்தூளில் கலக்கும் நொதி எங்கள் தொழிற்சாலையில் தயாராகிறது. துணியில் ஒட்டிய மாவுக்கறையைக் கரைக்கிற நொதி. ஒரு பீப்பாயில் அது எவ்வளவு இருக்கிறது என்று தராசில் வைத்துச் சொல்ல முடியாது; எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முப்பத்தேழு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள், எல்லாவற்றிலும் மாவுக்கரைசல். பத்து நொடிக்கு ஒன்றாக நொதியை விட வேண்டும். ஒவ்வொரு குழாயையும் சரியாகப் பத்து நிமிடம் கழித்துக் கொதிநீருக்கு மாற்ற வேண்டும். கொதிநீரில் நொதி செத்துவிடும், வேலை அத்தோடு நின்றுவிடும். பிறகு அயோடின் விட்டால் கரையாமல் மிஞ்சிய மாவு நீலமாகும்; அந்த நீலத்தை அளந்தால் வேகம் தெரிந்துவிடும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். கடிகாரம் "இப்ப" என்பார். அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், நொதியை விடுவார். இருவரும் குழாய் கழுவும் வேலைக்கு வந்தவர்கள், பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர்கள். கல்யாணப் பேச்சே அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் நடந்ததாம். ஆறாவது குழாய்க்கும் ஏழாவதுக்கும் இடையில், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, மூச்சு விடாமல் "இப்ப" என்றிருக்கிறார். அக்கா ஏழாவதில் விட்டார், எட்டாவதில் விட்டார், ஒன்பதாவதில்தான் வாய் திறந்தார். "வீட்டுல வந்து கேளுங்க. முதல்ல நேரத்தைச் சொல்லுங்க, கை அந்தரத்துல நிக்குது."

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மேனேஜர் என்னை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் அந்தப் பட்டம்தான். சரக்கு வாங்குபவர்கள், சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் என்ன படித்தவர் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மேனேஜர் ஒரு ஏற்பாடு செய்தார். இரண்டு வாரம், ஒரே சரக்கை, காலையில் கடிகாரமும் அக்காவும் சோதிப்பது. மதியம் நானும் அக்காவும். யாருடைய பன்னிரண்டு எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டி வருகின்றனவோ அவருக்கு நேரம் சொல்லிக் கையெழுத்துப் போடும் இடம். மற்றவர் பேக்கிங் பிரிவுக்குப் போக வேண்டும்.

"பத்து செகண்டு சொல்றதுக்குப் பட்டம் எதுக்குமா?" என்று என்னிடமே கேட்டார் கடிகாரம். "அதைச் சொல்ற கிளியைக்கூட வித்துக்கிட்டிருக்கான் கடைத்தெருவுல."

மதியம் எனக்கு அக்காவோடு வேலை என்றால், அவர் எதிர்மேசையில் கழுவிய குழாயையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார். அக்கா என்னோடு சிரித்தால் குழாய்கள் கொஞ்சம் பலமாக மோதிக்கொள்ளும்.

"அப்படி என்ன சிரிப்பு?" என்பார்.

"இந்தப் பொண்ணு மெதுவாச் சொல்லுது. உங்களை மாதிரி பஸ்ஸுக்கு ஆள் ஏத்தற குரல் இல்ல."

அவர் முகம் சுண்டிவிடும். இதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எனக்கும் உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் எண்கள் நூறு, நூற்றொன்று, நூறு என்று வரும். என் எண்கள் தொண்ணூற்றாறு, நூற்றைந்து என்று நாலா பக்கமும் ஓடும். நானும் அதே கடிகாரத்தைத்தான் பார்த்தேன். அக்காவின் கைக்கு ஒரு நடை இருந்தது, அவருக்கு அது தெரியும், எனக்குத் தெரியவில்லை. என் படிப்பைப் பற்றிப் பேச என் வீட்டில் ஆள் கிடையாது. என் அம்மா இன்றுவரை நான் சோப்புக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன் என்றுதான் நினைக்கிறாள். கடிகாரத்துக்கோ, செய்யும் வேலையின் கடைசி நொடிவரை தெரிந்த ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள். பட்டத்தை வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை. மதியச் சோதனை முடிந்து தொட்டியை மூடப் போனபோது வெப்பமானியைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. காலையில் முப்பத்தேழு என்று நானே நோட்டில் எழுதியிருந்தேன். யாரோ குமிழைத் திருகியிருக்கிறார்கள். யார் என்று யோசிக்க நேரமே எடுக்கவில்லை. சோதனையைத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் எண்கள் வந்துவிட்டன: நூற்றிருபத்துநான்கு, நூற்றிருபத்தைந்து, நூற்றிருபத்துநான்கு. முதன்முறையாக என் பன்னிரண்டும் ஒட்டி வந்திருந்தன. குமிழைச் சத்தமில்லாமல் முப்பத்தேழுக்குத் திருப்பி வைத்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டுத் துள்ளினார். "பாருங்க! இத்தனை வருஷமா நம்ம சரக்கை நாமே குறைச்சுக் காட்டியிருக்கோம். லேபிள்ல இனிமே நூத்தி இருபத்தஞ்சு போடலாம். கடிகாரம், நாளைலேர்ந்து நீங்க பேக்கிங்."

கடிகாரத்தின் வாய் பாதி திறந்தபடி நின்றது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. தினமும் கொதிநீரில் நொதி சாவதைப் பார்த்துப் பார்த்து, சூடு ஏறினால் அது சாகும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. நாலு டிகிரி ஏற்றினால் என் எண்கள் படுத்துவிடும் என்று நினைத்திருக்கிறார். கொஞ்சம் சூட்டில் நொதி இன்னும் வேகமாக ஓடும் என்பது பதினோரு வருடத்தில் அவர் பார்க்க வாய்ப்பில்லாத விஷயம். தொட்டி என்றைக்கும் முப்பத்தேழில்தானே இருந்தது.

அக்கா என் தாளை எடுத்துப் பார்த்தார். "குழாயை எடுக்கறப்பவே விரல்ல சுட்டுச்சு. கை ஜில்லுனு இருந்ததால அப்படித் தோணுதுன்னு விட்டுட்டேன். இந்த நம்பரை லேபிள்ல போட்டா, வாங்கறவன் நொதியைக் குறைச்சுப் போடுவான். கறை போகாது. தொட்டிக் குமிழை யாரு திருகினது?"

நான் நோட்டைப் புரட்டத் தொடங்கினேன்.

"நான்தான்," என்றார் கடிகாரம். மேனேஜரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"அறிவிருக்கா உங்களுக்கு?"

"இருந்திருந்தா ஏத்தாம இறக்கியிருப்பேன்."

மறுசோதனையில் நூறு வந்தது. அவரைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். நோட்டில், தொட்டி சூடாகிவிட்டதால் வியாழக்கிழமை எண்கள் தள்ளுபடி என்று நானே எழுதினேன். நான் பார்த்ததை மட்டும் எழுதவில்லை. படித்தவள் என்பதற்காகக் கொடுத்த இடத்தில், படித்த எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். நாலு நாள் தூக்கம் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் பேக்கிங் பிரிவுக்குப் போனேன். பீப்பாய்க்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அன்னைக்கு வெப்பமானியை நானும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"மனசு கேக்காம, சூட்டைக் குறைக்கலாம்னு நானே திரும்பி வந்தேன். குமிழ் முப்பத்தேழுல இருந்துச்சு. தானா திரும்புமா அது?" லேபிளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"அப்ப ஏன் என் பேரைச் சொல்லல?"

"சொன்னா உன்னையும் தூக்கியிருப்பாங்க. அப்புறம் அவளுக்கு யாரு நேரம் சொல்றது? ஒத்தையா கையைத் தூக்கிக்கிட்டு நிப்பா." அடுத்த லேபிளை எடுத்தார். "அவ நாலாவது குழாய்ல எப்பவும் கொஞ்சம் தயங்குவா. அங்க அவசரப்படுத்தாத."

"சரிண்ணா. அக்காகிட்டயும் மேனேஜர்கிட்டயும் நான் பார்த்ததை இன்னைக்குச் சொல்லிடறேன்."

"அது உன் இஷ்டம். ஆனா ஒண்ணு." அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "நீ நேரம் சொன்னா அவளுக்குச் சிரிப்பு வருதே, அதைக் கொஞ்சம் குறைச்சுக்க."

சொல்லிவிட்டு அடுத்த பீப்பாயைத் தடதடவென்று உருட்டிக்கொண்டு போனார்.